எடது பக்கம் எறங்குற காரு

…அதில்லீங்க அம்மிணி, நீங்க வந்து பதினோரு நாளாச்சு, ரெண்டு பில்டிங் தள்ளி இருந்துக்கிட்டு ஒரு எட்டு வந்து பாக்கலையேன்னு நெனச்சிருப்பீங்க. நெனைக்கத்தான் செய்வீங்க. நானா வரமாட்டேன்னேன்? அந்தக் காரு உட்டாத்தானுங்க!

நீங்க நஞ்சுண்டன் தம்பி ஊட்டம்மா தானுங்க? சாரதா? பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. உங்க கல்யாண போட்டோவ எங்கூட்டு ஃபிரிட்ஜ் மேலதான் ஒட்டி வெச்சிருந்தோம். நான் சாந்தாமணி. தம்பி சொல்லியிருக்குமே… சொல்லலையா? பேரு கூடவா சொல்லல? ம்ம்… ரோசக்காரப் புள்ள. சொல்லாது.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. அந்த ட்ரையரு இன்னும் நாப்பது நிமிஷம் ஓடும். ஓடி முடிச்சாலும் துணி ஈரமாத்தான் இருக்கும். இந்த லாண்டிரி ரூமுல எல்லாமே அப்படித்தான். உக்காருங்க.

அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. பார்க்கிங்குல கப்பலாட்டம் நீளமா ஒரு வண்டி, எடது பின்பக்கம் மட்டும் குந்திக்கிட்டு நிக்குதா? அதான். அதுக்கடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டிருக்கா? அது என்ற ஊட்டுக்காரரு. திருமூர்த்தி. சனிக்கிழமையானா எனக்கு அந்தக் காலு மட்டுந்தான் தெரியும். மூஞ்சி ஞாயித்துக்கெழமைதான்.

எல்லா வண்டிக்கும் ஸ்பிரிங்கு இருக்குமுங்க. இதுக்குக் கெடையாது. ஸ்பிரிங்கு இருக்கற எடத்துல நாலு ரப்பர் பை. முன்னால ஒரு குட்டி மோட்டாரு காத்தடிச்சு, நாலு கொழாயில நாலு பைக்கும் அனுப்புது. காத்து மேல மெதந்துக்கிட்டே போலாம்னு சொல்லித்தான் வாங்கினாரு. மெதந்துதுங்க. இல்லைன்னு சொல்லமாட்டேன். ரெண்டு வருசம் தெனமும் காத்தால இவரும் உங்கூட்டுக்காரரும் அதுலதான் ஒட்டுக்கா பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போயி, நியூயார்க் ரயில் ஏறுவாங்க. தம்பிக்கு எங்கூட்டுலதான் ராத்திரிச் சாப்பாடு. பாதி நாளு எங்கூட்டு சோபாவுலயே தூங்கிரும். என்ற கூடப் பொறந்தவன் கூட அப்படி இருந்ததில்லீங்க.

தீபாவளி முடிஞ்ச மறுநா காத்தால பாத்தா காரு சாஞ்சு நிக்குது. எங்க கயல் பொண்ணு பாத்துட்டு, "அம்மா, தி கார் இஸ் சிட்டிங்"னா. ஆமா, உக்காந்திருச்சு. அன்னிக்கு உக்காந்ததுதான்.

அப்பறம் ரெண்டு பேரும் காருக்கு டாக்டர் ஆயிட்டாங்க. நஞ்சுண்டன் தம்பி லைப்ரரியில இருந்து இத்தாத் தண்டி புஸ்தகம் கொண்டாந்துச்சு. நான் எஸ்திரி போடறப்ப தண்ணி தெளிக்கிற பாட்டில எடுத்து, பாத்திரம் வெளக்கற சோப்பக் கரைச்சு, ஒவ்வொரு பையா அடிச்சுப் பாத்தாங்க. காத்து கசியற எடத்துல நொரை வருமாம். பை மடிப்புல கொஞ்சம் வெடிச்சிருந்துச்சு, அதுல ரெண்டு நொரை முட்டை வந்துச்சுன்னு தம்பி சொல்லுது. அது சோப்பு முட்டைன்னு இவரு சொல்றாரு. ஏனுங்க அம்மிணி, சோப்புத் தண்ணி அடிச்சா சோப்பு முட்டை வராம வேற என்ன வரும்?

புதுப் பைக்கு எழுதிப் போட்டு, அது வந்து, மழையில நனைஞ்சுக்கிட்டு ரெண்டு பேரும் மாட்டினாங்க. பார்க்கிங்குல ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு அபார்ட்மெண்ட் ஆபீசுல இருந்து கதவுல பிங்க் கலர் பேப்பரு ஒட்டிட்டுப் போனாங்க. இது ரிப்பேர் இல்ல, இன்ஸ்பெக்‌ஷன்னு இவரு பதில் எழுதிக் குடுத்துட்டு வந்தாரு. அதுக்கும் ஒரு பிங்க் பேப்பரு வந்துச்சு.

புதுப் பை மாட்டுன திங்கக்கெழமை வண்டி நேரா நிக்குது. செவ்வாயும் நேரா. நான் பாயசம் கூட வெச்சேன். வியாழக்கெழமை குந்திருச்சு.

மறுபடி கழட்டி, பைக்குள்ள போற ரப்பர் வளையத்த மாத்தினாங்க. புதன் வரைக்கும் நேரா. வியாழக்கெழமை? குந்திருச்சு. அப்பறம் என்ற தையல் டேப்ப எடுத்துட்டுப் போயி, காத்தால ஒருக்கா பொழுதோட ஒருக்கா, சக்கரத்துல இருந்து மேல் தகடு வரைக்கும் அளந்து, கம்ப்யூட்டர்ல கலர் கலராக் கோடு போட்டாங்க. கோடு எல்லா வாரமும் வியாழக்கெழமை கீழ எறங்குது. வியாழக்கெழமை குளுரு அதிகம்னு தம்பி சொல்லுச்சு. இல்ல, அன்னிக்குத்தான் குப்பை லாரி வருது, அதிருதுன்னு இவரு. ரெண்டாயிரம் வருசம் பொறந்தா ஊர்ல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிரும்னு சொல்லி, நிக்காமப் பாத்துக்கிட்ட ஆளுங்க இவங்க ரெண்டு பேரும். இந்தக் கார நிக்க வெக்க முடியல.

டிசம்பர்ல ஒரு சனிக்கெழமை. கை வெறைச்சுப் போற குளுரு. நாலாவது தடவையாக் கழட்டி மாட்டிட்டு இருக்கறப்ப இவரு வாய உட்டுட்டாரு. "நீ மாட்டற லட்சணந்தான்டா. கைவேலை தெரியாதவன்கிட்டக் குடுத்தா இப்படித்தான்"னு. தம்பி ஸ்பானரத் தொடச்சு டப்பாவுல வெச்சுது. "இனி இந்த வண்டியில நான் கால் வெக்கமாட்டேனுங்கண்ணா"ன்னுச்சு. போயிருச்சு. மறுநாள்ல இருந்து சைக்கிள்ல போவுது ரயிலுக்கு. பனியில. ஜன்னல்ல இருந்து பாப்பேன். காதுல மஃப்ளர் கூடக் கட்டாது.

அதுக்கப்பறம் நீங்க வர்ற நாளு. உங்கள நெவார்க் ஏர்போர்ட்டுல நாங்க வந்து கூட்டியாரதாத்தான் பேச்சு. ஆரத்தித் தட்டு வரைக்கும் வாங்கி வெச்சிருந்தேன். புதுப் பொண்ணு, மொதமொதல்ல வர்ற ஊரு, டாக்சியில வந்து எறங்குனீங்க. நான் திரைச்சீலைக்குப் பின்னால நின்னு பாத்தேன். மெரூன் ஸ்வெட்டரு. அதுவும் உங்களுதில்ல, தம்பியோடது. கை நீளமாத் தொங்குச்சு.

இவரும் பாத்துட்டுத்தான் இருந்தாரு. அன்னிக்கு ஊட்டுல சாப்பிடல. கேட்டா வயிறு சரியில்லைன்னாரு.

…இல்லீங்க, அழுவல. இந்த சோப்புப் பவுடரு வாசத்துக்குக் கண்ணு எரியும்.

ஒண்ணு சொல்றேன், உங்க மனசோட வெச்சுக்கோங்க. எனக்கு வேற ஆளு இல்ல சொல்றதுக்கு. தம்பிகிட்ட வேணா மெதுவா, பக்குவமாச் சொல்லுங்க. இவருகிட்ட மட்டும் வேண்டாம்.

தீபாவளிக்கு தமிழ்ச் சங்கத்துல விருந்து, ஸ்கூல் ஹாலுல. நூத்தம்பது பேருக்குப் பூசணிக்கா நறுக்கணும். இந்த ஊரு கத்தியில அது ஆவற காரியமா? ஊருல இருந்து நான் கொண்டாந்த அருவாமனை இருக்குது. அதைக் கொண்டாந்ததுக்கே இவரு என்னை ஒரு வருசம் கிண்டல் பண்ணினாரு. அதனால சொல்லாம துணியச் சுத்தி டிக்கியில வெச்சேன். வர்றப்ப துணி அவுந்து போச்சு. மேல பெரிய குண்டா வேற. வந்து எடுத்துப் பாத்தா அலகு கார்ப்பெட்டுக்குள்ள எறங்கி நிக்குது. புடுங்கறேன்… உஸ்ஸ்ஸ்னு சத்தம். கார்ப்பெட்டத் தூக்கிப் பாத்தா கறுப்பா ஒரு பிளாஸ்டிக் கொழாய். பின்பக்கத்துப் பைக்கு அந்தக் கொழாய் டிக்கிக்குள்ளதான் போவுது. அலகு குத்தி நகக்கணு அளவுக்கு ஒரு வெட்டு.

என்ன பண்ணேனா? கைப்பையில கயலுக்கு வெச்சிருந்த பிளாஸ்திரி இருந்துச்சு. சுத்தி ஒட்டினேன். சத்தம் நின்னு போச்சு! சரியாப் போச்சுன்னு கார்ப்பெட்ட மூடிட்டேன். மறுநா சாயறப்பவே சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேனுங்க, சத்தியமா. அதுக்குள்ள இவரு தம்பிகிட்ட, "பொம்பளைங்க கை படாத வரைக்கும் இந்த வண்டிக்கு ஒரு கொறையும் வராது"ன்னு பெருமை பேசிட்டு இருக்காரு. வாய மூடிக்கிட்டேன்.

அப்பறம் புதுப் பை வந்துருச்சு. பை வந்ததுக்கப்பறம் எப்படிச் சொல்றது? வளையம் மாத்தினதுக்கப்பறம்? கோடெல்லாம் போட்டதுக்கப்பறம்?

ஆனா சும்மா இருக்கலீங்க நான். ஞாயித்துக்கெழமை எடிசன்ல இருக்கற நம்மூருக் கடைக்குப் போயிட்டு வந்து அரிசி பருப்பு எறக்கறப்ப, பழைய பிளாஸ்திரியப் பிச்சுப்போட்டு புதுசா ஒட்டுவேன். மூணு சுத்து. வாரம் தவறாம. என்னால ஆன மட்டும். அது என்னமோ புதன்கெழமைக்கு மேல தாங்கறதில்ல.

…ஆமாங்க. அதான் வியாழக்கெழமை.

என்னங்க? கொழாய் எத்தாத் தண்டியா? சுண்டு வெரலுல பாதி இருக்கும். எதுக்குக் கேக்கறீங்க? ஓ… உங்கப்பாருக்கு கோபியில சொட்டுநீர்க் குழாய்க் கடையா? நெசமாவா? வெட்டுப்பட்ட எடத்த மட்டும் நேரா நறுக்கி எடுத்துட்டு, நடுவுல ஒரு ஜாயிண்டு போட்டா… அவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலையா?

அம்மிணி. மூணு மாசம்.

அம்மிணி, எங்க போறீங்க? கோட்டுப் போடுங்க, வெளிய ஐசு… தம்பிகிட்டத்தானே? ஊடு அந்தப் பக்கமுங்க! அம்மிணி, அது காரு நிக்கற பக்கம்! சாரதா!

ஐயோ. போயிருச்சு. ஒத்தை வார்த்தை பேசாத பொண்ணுன்னு நெனச்சனே…

டிக்கி தொறந்துதான் கெடக்குது. அந்தப் பொண்ணு கார்ப்பெட்டத் தூக்குது. இவரு வெளிய வர்றாரு. குனிஞ்சு பாக்கறாரு. பிளாஸ்திரியப் பிச்சு எடுக்கறாரு. என்ன பண்றாரு அதை… மூக்குக்கிட்ட வெச்சுப் பாக்கறாரு. அது பூப்போட்ட பிளாஸ்திரி. கயலுது. வேற ஆருதுன்னு சொல்ல முடியாது.

இங்க பாக்கறாரு. பாத்துட்டாரு.

வரட்டும். வந்து கேக்கட்டும். நானும் நாலு கேக்கறேன். பொம்பளை கையாம்… எங்க போறாரு? இங்க வரல. தம்பி ஊட்டுப் பக்கம் போறாரு. ஓடறாரா? ஐசுல அந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு… பாத்துப் போங்க! கதவத் தட்டறாரு. தட்டறாரு. தம்பிதான். கதவத் தொறந்துட்டுக் கைய மார்ல கட்டிக்கிட்டு நிக்குது. இவரு பிளாஸ்திரிய நீட்டிக்கிட்டு நிக்கறாரு. தலைய மட்டும் குனிஞ்சிருக்காரு.

தம்பி வாங்கிப் பாக்குது… நவுந்து வழி உடுது. உள்ள போறாரு. அவரு உள்ள போயிட்டாரு.