இருபத்து நான்கு சதுர மீட்டர்

எங்கள் வீட்டில் யார் எந்த மூலையில் படுக்க வேண்டும் என்பதைக்கூட நான்தான் முடிவு செய்வேன் என்று அக்கா கேலி செய்வாள். உண்மைதான். பத்து விருந்தாளிகள் வந்தாலும் இரண்டே அறைக்குள் யார் காலும் யார் தலையிலும் இடிக்காமல் பாய் விரித்துக் கொடுத்துவிடுவேன். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குச் சமையல் வரும். எனக்கு இடம் வரும்.

விமான நிலையத்திலும் அதுதான் என் வேலை. எந்த விமானக் கம்பெனிக்கு எத்தனை கவுண்டர், எவருடைய லவுஞ்ச் எந்தத் தளத்தில் என்பதெல்லாம் என் மேஜையிலிருந்துதான் போகும். பழைய டெர்மினலைப் பாதி பாதியாக இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பாதியில் பயணிகள் நடமாட்டம், மறுபாதியில் இடிப்பு, நடுவில் ஒரு தகரத் தடுப்பு. ஒன்பது கம்பெனிகள் இருந்த பாதிக்குள் பதினாலு கம்பெனிகளை உட்கார வைக்க வேண்டும். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். என்னிடம் வந்தவர்கள் முதலிலேயே மடத்தைத்தான் கேட்டார்கள்.

இது ஒரு நல்ல காரியத்தில்தான் தொடங்கியது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டே விமானங்கள் வைத்திருந்த ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய நிலைய மேலாளர், ஐம்பது வயதுப் பெண்மணி, மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"எங்களை வெளிய அனுப்பிட்டா அறுபது பேர் வீட்டுக்குப் போகணும் சார். ஒரு மூலை போதும். நின்னுக்கிட்டே வேலை பாத்துக்கறோம்."

இல்லை என்ற சொல் எனக்கு வாயில் வராது. ஒரு பெரிய கம்பெனியின் லவுஞ்சுக்கு ஒதுக்கிய இடத்தில் ஓரமாக ஒரு துண்டை நறுக்கி அவர்களுக்குக் கொடுத்தேன். இருபத்து நான்கு சதுர மீட்டர். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய கம்பெனியின் ஆள் மறுவாரமே அளவுக் கருவியோடு வந்து நின்றார். ஒப்பந்தத்தில் உள்ள இடத்தில் ஓரடி குறைந்தாலும் லவுஞ்சை ஏற்கமாட்டோம் என்றார். என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தொறப்பு நாள் தள்ளிப்போச்சுன்னா உன் சீட்ல வேற ஆளு உக்காருவான். அவ்வளவுதான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு ஐந்து வாரம். பதினெட்டு முறை வரைபடத்தை மாற்றினேன். சோறு இறங்கவில்லை. குளியலறைத் தரையின் ஓடுகளைக் கண்ணாலேயே நகர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவிடம் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். கொடுத்த கையால் பிடுங்க எனக்குத் தெரியாது.

லவுஞ்சுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. இரண்டு மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளம். பெருக்கிப் பாருங்கள்.

அந்தச் சந்தில் ஒரே ஒரு கதவுதான் திறந்தது. சக்கர நாற்காலி தள்ளும் ஊழியர்களின் ஓய்வறைக்குப் பின்கதவு. அவர்களுக்கு முன்கதவு ஒன்றும் உண்டு. அது தகரத் தடுப்பை ஒட்டி, இடிப்பு வேலை நடக்கும் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு தச்சர்களைக் கூட்டி வந்து, பின்கதவை ஒட்டி ஜிப்சம் பலகையில் சுவர் எழுப்பச் சொன்னேன். லவுஞ்ச் பின்னால் நகர்ந்தது, சந்து மறைந்தது. அதன் பிறகு அந்தக் கதவு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும்.

வரைபடத்தில் சந்தை அழிக்கவில்லை. தீயணைப்பு அதிகாரி பார்வையிட வந்த அன்று அவருக்கு முழங்கால் வலி. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். "பின்வழி இருக்குல்ல?" என்றார். "இருக்கு சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மனிதர்களை நம்பினார்.

அந்த ஓய்வறையில் இருந்தவர்களுக்குத் தலைவர் என் அக்காவின் கணவர். இருபது வருடமாக நாற்காலி தள்ளியவர். பாதி ஊர்க் கிழவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டவன் நான்தான் என்று பெருமையடிப்பார். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவர் எழும்பிய மறுநாளே அக்கா வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்டார்.

"என்ன மாப்ளே, எங்க பின்கதவைத் தொறந்தா சுவரு மூஞ்சியில இடிக்குது?"

"மூணே வாரம் மாமா. தற்காலிகச் சுவருதான். எடுத்துருவேன்."

"பசங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு எழுதி வெச்சிருக்கானுங்க. ஏதாவது ஆச்சுன்னா எந்தப் பக்கம் ஓடறதுன்னு கேக்கறானுங்க."

"இப்ப மனு குடுத்தா என் கழுத்துக்குக் கத்தி வரும் மாமா."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்து, என் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். "நீ சொன்னா சரி. என் மாப்ளே பாத்துப்பான்னு சொல்லிடறேன்." அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அன்றைக்குத்தான் ஐந்து வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் ஏழு வாரமானது. லவுஞ்ச் திறப்பு விழா காலை பதினொரு மணிக்கு. இருநூறு விருந்தினர்கள். பதினொன்றே காலுக்குத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெல்டிங் பொறி தெறித்துப் பழைய கேபிள் குவியலில் விழுந்தது. நீங்கள் கைது செய்து நாற்பது நாளாக உள்ளே வைத்திருக்கும் வெல்டர் தன் வேலையைத்தான் செய்தான். முந்தாநாள் அவன் மனைவி, இடுப்பில் குழந்தையோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். "அவரு எப்ப வருவாருன்னு யாருகிட்டயும் கேக்க முடியல. நான் எங்க உக்காந்து காத்திருக்கணும் ஐயா?" என்று கேட்டாள். அவளுக்குக் காட்ட என்னிடம் ஓர் இடம் இல்லை. அதனால்தான் வந்திருக்கிறேன்.

புகை முன்கதவை அடைத்துவிட்டது. உள்ளே நான்கு பேர். உங்களிடம் தொலைபேசிப் பதிவு இருக்கும். பதினொன்று இருபத்திரண்டுக்கு மாமாவின் எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு, நான்கு நிமிடம் பத்து விநாடி. பேச்சு சரியாகக் கேட்கவில்லை, உதவிக்கு ஆள் அனுப்பினேன் என்று முதல் விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். அதை அடித்துவிடுங்கள்.

தெளிவாகக் கேட்டது. "மாப்ளே, முன்னாடி போக முடியல. புகை. சுவரை உடைக்கச் சொல்லு" என்றார். நான் அந்தச் சுவருக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். கடைசி நேர வேலை எதற்காவது தேவைப்படும் என்று, சுவர் எழுப்பிய அதே தச்சர்களைச் சுத்தியலோடு பக்கத்து அறையில் நிறுத்தி வைத்திருந்தேன். பலகையைப் பெயர்க்க மூன்று நிமிடம் ஆகும். ஆனால் பெயர்த்தால் அதன் பின்னால் கதவு தெரியும். விருந்தினர்களில் தீயணைப்பு அதிகாரியும் இருந்தார். என் கையெழுத்தும், அவர் கையெழுத்தும், அந்த அம்மாவின் அறுபது பேரும் அந்தப் பலகையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தேன். நான் அவசரப்படுகிறவன் அல்ல.

"ஈரத் துணியை மூக்குல கட்டிக்கிட்டுத் தரையில உக்காருங்க மாமா. வண்டி வந்துக்கிட்டே இருக்கு" என்றேன்.

தீயணைப்பு வண்டி ஐந்து நிமிடத்தில் முன்பக்கம் வந்துவிடும் என்று நம்பினேன் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையும் அடித்துவிடுங்கள். இடித்த கல்லையும் கம்பியையும் கொட்டி வைக்க அந்தப் பக்கத்து வழியை ஒதுக்கிக் கொடுத்தவனே நான்தான். வண்டி வர முடியாது என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆட்கள் குவியலைத் தாண்டி நடந்து போய்ச் சேர இருபத்தாறு நிமிடம் ஆனது.

சுவருக்குப் பின்னால் தட்டும் சத்தம் வந்தது. முதலில் கையால், பிறகு எதையோ எடுத்து, நாற்காலியாக இருக்கலாம். பழச்சாறுக் கோப்பையோடு நின்ற ஒருவர், "என்னங்க சத்தம்?" என்றார். "பின்னாடி வேலை நடக்குது சார்" என்றேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சென்று, பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னேன். அவள் கூட்டினாள்.

நான்கு பேருக்கும் காரியம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "கடைசியா உன்கிட்டதான பேசினாரு? என்னடா சொன்னாரு?"

"உன்னையும் பிள்ளைங்களையும் பாத்துக்கச் சொன்னாருக்கா."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. இருமலுக்கு நடுவே கேட்டார். "மாப்ளே... நீ அந்தப் பக்கந்தான இருக்க? நாங்க தட்டுறது கேக்குதா?"

"கேக்குது மாமா" என்றேன்.

எத்தனையோ பேரிடம் எதையெதையோ சொல்லியிருக்கிறேன். அவரிடம் மட்டும் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.