கிழிக்காத கூப்பன்

கப்பலில் போகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. பெரிய பெட்டிகளைக் கப்பல்காரர்கள் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை தேவைப்படுவதை ஒரு சின்னக் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை, மூக்குக்கண்ணாடி, மாற்றுச் சட்டை, காகிதங்கள். இதைக்கூட யோசிக்காமல் வந்து, வியர்வை நாற்றத்தோடு பகல் முழுக்க அலைகிற கூட்டத்தை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். என் கைப்பை இப்போது உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அதில் இருந்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை.

மீன் குளிர்கிடங்கில் இருப்பு மேற்பார்வையாளனாக வேலை பார்க்கிறேன். எந்தப் பெட்டி எத்தனை டிகிரியில் எத்தனை நாள் தாங்கும் என்பது என் தொழில். வருடம் முழுக்கக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு செத்த மீன்களுக்கு நடுவில் நிற்கிறவன் விடுமுறையில் எங்கே போவான்? நான் உல்லாசக் கப்பலில் போவேன். பதினொரு வருடத்தில் தொண்ணூற்று மூன்று இரவுகள், எல்லாம் ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். அவர்கள் இரவைத்தான் எண்ணுவார்கள். இருபத்தைந்து இரவானால் முத்து அட்டை, ஐம்பதுக்குப் பவளம், நூறுக்கு வைரம். வைரம் ஒருமுறை கைக்கு வந்தால் ஆயுளுக்கும் உண்டு. ஏறத் தனி வழி, இறங்கத் தனி வழி, மேல்தளத்தில் சாதாரணப் பயணிகள் நுழைய முடியாத கண்ணாடிக் கூடம். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்று பழகியவர்களுக்கு வரத்தான் செய்யும்.

எனக்கு இன்னும் ஏழு இரவு தேவைப்பட்டது. ஏழு இரவுப் பயணம் ஒன்று இருந்தது. ஐந்து பேர் குழுவாக வந்தால் குழுத் தலைவருக்கு ஒரு கூப்பன் புத்தகம் தருவார்கள். அதனால்தான் குடும்பத்தைக் கூட்டிப்போனேன். பாசத்தினால் என்று மனைவியின் தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அறைகளைப் பிரித்தேன். மனைவியும் அவள் தங்கையும் ஓர் அறை. தங்கை புருஷன், அதாவது என் சகலை, குறட்டை விடுவான். அவனுக்கு இயந்திர அறைக்கு மேலே ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு சத்தமும் ஒன்றையொன்று சமாளித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மாமனார் என்னோடு.

எழுபத்தைந்து தாண்டியவரோடு தங்குகிற பவள அட்டைக்காரருக்குப் பத்தாம் தளத்தில் பால்கனி அறை கொடுப்பார்கள். அதற்கு ஒரு கையெழுத்து போட வேண்டும். பெரியவர் ஏதாவது காரணத்தால் இடையில் இறங்க நேர்ந்தால் உடன் தங்கியவரும் இறங்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதியில் இறங்கினால் அந்தப் பயணத்தின் ஓர் இரவும் கணக்கில் சேராது. சின்ன எழுத்தில்தான் இருந்தது. நான் சின்ன எழுத்தைப் படிக்கிறவன். மாமனாருக்கு எழுபத்தேழு வயது, கல் மாதிரி இருந்தார். போட்டேன்.

சகலை டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்ப்பான். என் பவள அட்டையையும் மேஜையில் தட்டிப் பார்த்தான்.

"ஏன் சகல, கப்பல்ல ஐஸ்க்ரீம் ஃப்ரீயா?"

"எல்லாருக்கும் ஃப்ரீ."

"சாப்பாடு?"

"அதுவும்தான்."

"அப்ப இந்த அட்டைய வெச்சு என்னதான் பண்ணுவ? முதுகு சொறியவா?"

அவன் பெண்டாட்டி சிரித்தாள். என் பெண்டாட்டி சிரிக்காமல் இருக்க முயன்றாள், அது இன்னும் மோசம். மாமனார் மட்டும் அட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருபுறமும் படித்தார். "சும்மா இருங்க மாப்ள," என்று சகலையை அடக்கினார். "பதினோரு வருஷம் விடாம ஒண்ணப் புடிச்சு ஏறியிருக்காரு. உங்களால ஒரு கடைய ஒழுங்காத் தொறந்து மூட முடியல."

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏறுவது, இறங்குவது தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மேஜையில் என் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை என் வாக்குமூலத்தில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அவருக்கு நெஞ்சை அடைக்கிறது என்றார். நான்தான் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனேன். ஒரு சோதனை எழுதிக் கொடுத்து, அது முடிகிறவரை பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். அந்தச் சீட்டும் கைப்பையில் இருந்தது, பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தில் உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் நெஞ்சு வலி உண்டா என்று ஒரு கேள்வி. ஐந்து பேருக்கும் நானே நிரப்பினேன். ஐந்து பேருக்கும் 'இல்லை' என்றே எழுதினேன். மாமனார் அருகில்தான் நின்றார். "எல்லாம் சரியாப் போட்டுட்டீங்களா மாப்ள?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போனது. கூப்பன் புத்தகத்தில் பதினாறு கூப்பன்கள். ஒரு பை துணி இலவசமாகத் துவைத்துத் தருவார்கள், கிழித்தேன். அறைக்கே காலை உணவு வரும், கிழித்தேன். கூப்பனை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் சலவைத்தூள் கடைச் சீட்டுகூடத் தேதி தாண்டியதில்லை. சகலை கழுத்தில் கேமராவோடு எல்லா வரிசையிலும் நின்றான். ஆம்லெட்டுக்கு முக்கால் மணி நேரம், ஐஸ்க்ரீமுக்கு அரை மணி நேரம். மாட்டுக்குக் கழுத்தில் மணி கட்டிவிட்டது மாதிரி இருந்தது பார்க்க.

மாமனாருக்கு இரண்டே சந்தோஷங்கள். அறைப் பணியாளன் துண்டை மடித்து யானை, முயல், அன்னம் என்று செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். அவர் அவற்றைக் கலைக்காமல் அடுக்கிவைத்தார். இன்னொன்று லிஃப்ட். காரணமே இல்லாமல் ஏறி இறங்குவார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனிடம் என் அட்டையைக் காட்டி, "மை மாப்ள, மை மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குத்தான் கூசியது.

"பத்தாவது தளத்துல இருந்து மூணாவது தளம், நாப்பது செகண்டு மாப்ள," என்றார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஒரு குலுக்கல் இல்ல. எவனோ தொழில் தெரிஞ்சவன் பாக்குறான்."

மூன்றாம் தளத்தில்தான் கப்பலின் மருத்துவ அறை இருந்தது. அவருக்கு அது தெரியாது.

நான்காம் நாள் ஒரு துறைமுகத்தில் நின்றோம். மாமனார் படுக்கையை விட்டு எழவில்லை. மூச்சு வாங்கியது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் காலைப் பிடித்துவிட்டாள்.

"இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"கடல் ஒத்துக்கல, அவ்வளவுதான். கப்பல்லயே டாக்டர் இருக்காரு. நான் காட்டுறேன்."

"காசு கேப்பாங்களே?"

"நம்ம புத்தகத்துல கூப்பன் இருக்கு. ஃப்ரீ."

ஃப்ரீ என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. பதினேழு வருடம் என்னோடு வாழ்ந்தவள். இலவசமாக வருகிற எதையும் நான் விட்டுவைக்க மாட்டேன் என்பது அவளுக்கு வேதவாக்கு. சாயங்காலம், "டாக்டர் பாத்துட்டாரா?" என்றாள். பார்த்தாயிற்று, ஓய்வு எடுக்கச் சொன்னார், யாரும் தொந்தரவு செய்யக்கூடாதாம் என்றேன். கப்பல் கிளம்பிவிட்டது.

டாக்டரிடம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பதிவேட்டில் எழுதுவார்கள். அங்கேயே இறக்குவார்கள். நானும் இறங்கியிருக்க வேண்டும். சகலை மேலே நின்று கேமராவில் அதைப் படம் எடுத்திருப்பான்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மாமனாரே கேட்டார்.

"டாக்டரக் கொஞ்சம் கூப்பிடுங்க மாப்ள. ரொம்ப அடைக்குது."

"கூப்பிடலாம் மாமா. கூப்பிட்டா எல்லாரையும் இறக்கி விட்டுருவாங்க. பரவால்லயா?"

"எல்லாரையுமா? புள்ளைங்க ஆசையா வந்திருக்குதுங்களே," என்றார். பிறகு, "அப்ப சாயங்காலம் பாப்போம். அந்தக் கதவத் தொறந்து விடுங்க, காத்து வரட்டும்."

பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். தூங்கட்டும் என்று தொலைபேசியின் வயரை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது எப்படிப் பைக்குள் வந்தது என்றுதானே கேட்டீர்கள்? அப்படித்தான் வந்தது. மணி அடித்தால் திடுக்கிட்டு எழுந்துவிடுவார் என்பதற்காக. வாசலில் தொந்தரவு செய்ய வேண்டாம் அட்டையை மாட்டிவிட்டு மேல்தளத்துக்குப் போனேன். நூறை நெருங்குகிறவர்களுக்குக் கண்ணாடிக் கூடத்தில் ஒரு காலைச் சந்திப்பு. அதற்கும் கூப்பன் உண்டு. கேப்டன் ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். என்னிடம், இன்னும் மூன்றே இரவு என்றார். ஒருவர் என்னைப் பற்றி இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பினேன். மாமனார் தரையில் இருந்தார், கட்டிலில் சாய்ந்த வாக்கில். தொலைபேசி ரிசீவர் மடியில் கிடந்தது. துண்டு யானை ஒன்று கலைந்திருந்தது.

அதற்குப் பிறகு செய்தது எல்லாம் தொழில் தெரிந்தவன் செய்வது. பால்கனிக் கதவைச் சாத்தினேன். அது திறந்திருந்தால் ஏசி தானாக நின்றுவிடும், நிறையப் பேருக்குத் தெரியாது. பதினாறில் வைத்தேன். அறைக்கு ஐஸ் வாளி இலவசம், எத்தனை முறை கேட்டாலும். கேட்டேன். பணியாளனிடம், பெரியவருக்கு உடம்பு சரியில்லை, துண்டுகளை வாசலில் வைத்தால் போதும் என்றேன். நல்ல பையன். மறுநாள் ஓர் அன்னத்தைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தான். அதை உள்ளே எடுத்துப்போய் மற்றவற்றோடு வைத்தேன். நான் சோபாவில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். குளிர் எனக்குப் பழக்கம்.

மனைவி இரண்டு முறை வந்தாள். வாசலிலேயே பேசி அனுப்பினேன். டாக்டர் சொன்னதை மீறக்கூடாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ஆறாம் நாள் ஒரு துறைமுகம் வந்தது, போனது. சகலை தொப்பி வாங்கிவந்தான்.

ஏழாம் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கடல் கொஞ்சம் ஆடியது. மனைவியின் தங்கைக்குக் குமட்டியது. நான் தட்டு எடுக்கப் போயிருந்தேன். மாத்திரை தேடி என் கைப்பையைத் திறந்திருக்கிறாள் மனைவி. திரும்பி வந்தபோது கூப்பன் புத்தகம் அவள் கையில் இருந்தது. பதினைந்து அடிக்கட்டைகள், ஒரு முழுக் கூப்பன். அதன்மேல் மருத்துவச் சின்னம்.

"இத ஏன் கிழிக்கல?"

"அவங்க வாங்கல."

"நீங்க கிழிக்காம விட மாட்டீங்களே," என்றாள். மிக மெதுவாகச் சொன்னாள். சகலை வாயில் ஐஸ்க்ரீமோடு எங்களைப் பார்த்தான். அவள் என் சட்டைப் பையில் கைவிட்டு அறைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிகளில் ஓடினாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தேன். இனி எந்தத் துறைமுகமும் இல்லை. கப்பல் நேராக ஊர் திரும்புகிறது. இறக்கிவிட அவர்களுக்கு இடம் இல்லை.

அன்று என்னைக் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் பூட்டிவைத்தார்கள். பூட்டினாலும் கப்பலில்தானே இருந்தேன். அதுவும் ஓர் இரவுதான். நூறு.

வைர அட்டை போன வாரம் வீட்டுக்கு வந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். மனைவி அதைப் பிரிக்காமல் உங்களிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எப்போதும் ஒரு பொருளின் மதிப்புத் தெரியாது.

சரி, உங்களுக்கு வேண்டிய வாக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டரை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பிழைத்துவிடுவார் என்பதும், பிழைத்தால் இறக்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது வினாடி தூரம். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அட்டையோடு வந்த கடிதத்தில் மாமாவின் கணக்கில் பூஜ்யம் என்று போட்டிருப்பதாக வாசித்தீர்கள். பயணத்தை முடிக்காதவர் என்று காரணம் எழுதியிருக்கிறார்களாம். அது தவறு. அவர் எங்கேயும் இறங்கவில்லை. ஏழு இரவும் அந்தக் கப்பலில்தான் இருந்தார், ஆறு இரவு நான் உடன் இருந்தேன். ஏழு என்று திருத்தச் சொல்லி எழுதுங்கள். அவருக்குச் சேர வேண்டிய எதையும் நான் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.