தீபாவளித் துப்பாக்கி

வெளியே ஒரு சத்தம். வறண்ட சத்தம். இழுவை இல்லை.

நான் கல்லாவுக்குக் கீழே விழுகிறேன். கத்துகிறேன்.

"வெடி! வெடி! படுங்கோ அண்ணாச்சி!"

1997. ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். டெக்சாஸ், ரிச்சர்ட்சன். வெயில் இன்னும் இறங்கவில்லை. பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சின்னக் கடை. முதலாளி கோவில்பட்டிக்காரர். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. எனக்கும்.

அண்ணாச்சி சிரிக்கிறார். "வெடிதானவே? இன்னைக்கு ஜூலை ஃபோர்த்துல்லா! இதுக்குப் போயி இப்படிப் பதுங்குதீரு?"

வேடிக்கை பார்க்கக் கதவுப் பக்கம் போகிறார்.

எங்கள் யாழ்ப்பாணத்தில் வெடி என்றால் துப்பாக்கிச் சூடு. அவர் ஊரில் பட்டாசு. ஒரே கடையில் இரண்டு வருடம் நின்றோம். இந்தப் பேச்சு வந்ததே இல்லை.

இரண்டாவது சத்தம். கண்ணாடி கொட்டுகிறது. அண்ணாச்சி உட்காருவது போல விழுகிறார்.

கல்லாவுக்கு அடியில், கந்தல் துணியில், அண்ணாச்சியின் ரிவால்வர். அடகுக்கடையில் வாங்கியது. முலாம் உரிந்தது. பிடியில் கறுப்பு டேப். டெலிகாம் கம்பெனிப் பையன்கள் காபி எடுக்க வரும்போது சீண்டுவார்கள். "என்ன அண்ணாச்சி, தீபாவளித் துப்பாக்கியா? ரோல் கேப் இருக்கா?"

"நல்ல ஆட்டோமேட்டிக்க வச்சா அதையே களவாண்டுட்டுப் போயிருவான் தம்பி. இத எவன் தொடுவான்?"

அது அவர் கண்ட நன்மை. எனக்கு அன்று தெரிந்தது வேறு.

முகத்தை மூடிய ஒருவன் கண்ணாடியை மிதித்து உள்ளே வருகிறான். கையில் பளபளக்கும் ஆட்டோமேட்டிக். என் பக்கம் நீட்டுகிறான். சுடவில்லை. தோட்டா சிக்கிவிட்டது. மேல்பாகத்தை இழுத்து இழுத்துப் பார்க்கிறான்.

நான் ரிவால்வரை உருவி விசையை அழுத்துகிறேன். டிக். செத்த தோட்டா. ஆனால் இதில் இழுக்க ஒன்றுமில்லை. பூட்டும் இல்லை. மறுபடி அழுத்தினால் உருளை சுற்றும். அடுத்த தோட்டா வரும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும் அது போதும். அழுத்தினேன். கூரையில் ஓட்டை. அவன் ஓடிவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் நான் துப்பாக்கி தொட்டதில்லை. மண்டபம் அகதி முகாமில் இல்லை. கப்பலில் இல்லை. துப்பாக்கிக்குப் பயந்து ஓடி ஓடியே இந்த நாட்டுக்கு வந்தவன். அதைப் புகழ வாய் வரவில்லை. ஆனால் அந்த மலிவுச் சாமானால்தான் மூச்சு விடுகிறேன். அதையும் மறைக்கக் கூடாது.

அண்ணாச்சியின் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கண் திறந்திருந்தது.

"என்னவே... பட்டாசு இல்லியா?"

ஆம்புலன்ஸ் வருமுன் முடிந்தது.

அன்று போனவை. முன்கண்ணாடி. கூரைத் தகடு ஒன்று. ரிவால்வர், போலீஸ் காகிதப் பையில் போட்டுக்கொண்டு போனது. மகளோடு கொளுத்த அண்ணாச்சி வாங்கி வைத்த மத்தாப்பு, ரத்தத்தில் நனைந்தது. வெடி என்ற சொல். பிறகு அதை நான் வாயால் சொன்னதில்லை.

ஆள் ஒன்று. அண்ணாச்சி.