பெருக்கற அக்கா செய்த டெஸ்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மாலை, தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, சொந்த உழைப்பில் பல்லாவரத்தில் இரண்டு கடை போட்டவன் நான். பக்கத்தில் யார் பேசினாலும் ஆளை எடை போட்டுவிடுவேன். எதிரே கண்ணாடி போட்ட கல்லூரிப் பையன் ஒருவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். வண்டி நகரும்போது அவன் கூட்டாளி ஓடிவந்து ஏறினான்.

"டேய், பெருக்கற அக்காவால நம்ம புராஜெக்ட் பாஸ்டா!"

"கிண்டல் பண்ணாத மச்சான். எக்ஸாமினர் முன்னாடியே அவங்க துடைப்பத்துல மாட்டி நெட்வொர்க் வயர் புடுங்கிக்கிச்சு. ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு. ஒரு வருஷம் போச்சேன்னுதான் ஓடி வந்துட்டேன்."

"ஓடினியே, அப்புறம் இன்னா ஆச்சுன்னு பாத்தியா? அக்காவே வயரைத் திருப்பிச் சொருகினாங்க. வயரோட அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர்ல இருந்த ஃபைல், விட்ட எடத்துலேர்ந்து நம்ம மிஷினுக்கு வர ஆரம்பிச்சிடுச்சு!"

"நெஜமாவா?"

"லினக்ஸோட அடிமடி கெர்னல், அதுக்குள்ள நீ எழுதின புரோகிராம் லேயர்தான்டா! பதில் வர்ற வரைக்கும் கோச்சுக்காம திரும்பத் திரும்பக் கேட்டுகினே இருந்துச்சு."

"எக்ஸாமினர் இன்னா சொன்னாரு?"

"வயரைப் புடுங்கி டெஸ்ட் பண்ணணும்னு யாருப்பா யோசிச்சதுன்னு கேட்டாரு. எங்க டீம்ல மூணாவது ஆளு சார்னு அக்காவைக் காட்டிட்டேன்."

கண்ணாடிக்காரன் சிரித்த சிரிப்பில், ஒரு நாளும் ஸ்டேஷனைத் தவறவிடாத நானே பல்லாவரத்தைத் தவறவிட்டேன்.

"அதுக்கு அக்கா?"

"மெயின் சுவிட்சையும் அணைச்சுக் காட்டட்டுமா சார்னாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்டா!"