நிலை: வழங்கலாம்

எங்கள் அலுவலகத்தில் யாரும் எக்செல் கோப்பைப் புதிதாகத் தொடங்குவதில்லை ஐயா. போன சரக்கின் கோப்பை நகலெடுத்து, எண்களை மாற்றிச் சேமிப்போம். சோம்பேறிகள் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

சாம்பியாவின் மோங்கு நகரில் மருந்துக் கிடங்கின் கணினிப் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு கோப்பு. அதன் உள்ளே, தாளில் தெரியாத ஒரு குறிப்பு இருக்கும்: 'நிலை'. கோப்புகள் அடுக்கியிருக்கும் இணைய நூலகத்திலும் அதே பெயரில் ஒரு நெடுவரிசை. இரண்டையும் நான்தான் இணைத்தேன். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். ஆற்றுக்கு அக்கரை ஊர்களின் செவிலியர் போனில் நெடுவரிசையை மட்டும் பார்த்து, 'வழங்கலாம்' என்றிருந்தால் படகு அனுப்புவார்கள். கோப்பைத் திறக்குமளவுக்கு அங்கே சிக்னல் கிடையாது.

வெள்ளம் ஏறியதும் மன்னர் மேட்டுநிலத்துக்குப் பெயரும் கூவொம்போகா விழாவில் அவர் படகைப் பார்க்கப் போனவன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறந்துபோனேன். திரும்பி வந்தபோது குளிர் அறை கொதித்துக் கிடந்தது. உள்ளே, சூடுபட்டால் வீரியம் இழக்கும் மருந்து: பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசிமருந்து, புதுச் சரக்கு முழுவதும்.

மருந்தாளர் நமுகோலோ அம்மா கோப்பைத் திறந்து, தாளில் பெரிதாக 'நிராகரிப்பு' என்று தட்டினார். அது போதும் என்று நினைத்துவிட்டார். உள்ளிருந்த குறிப்போ போன சரக்கிலிருந்து வந்தது. நூலகம் 'வழங்கலாம்' என்றே காட்டியது. நான் எதையும் தொடவில்லை.

அக்கரையிலிருந்து செவிலி இனோங்கே அழுதபடி கூப்பிட்டாள். "அண்ணே, பெட்டி காலி. நேத்து ஒருத்திய கையாலயே அழுத்திப் பிடிச்சுக் காப்பாத்தினேன். வழங்கலாம்னு காட்டுதே, படகு அனுப்பட்டா?"

"அனுப்பும்மா" என்றேன். அவள் அழுகையைக் கேட்டிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

பிறகு நமுகோலோ அம்மா கண்டுபிடித்துவிட்டார். "என்னப்பா முபிடா, நான் வேணாம்னு எழுதினது இங்க வழங்கலாம்னு நிக்குது?"

"நெட்வொர்க் கோளாறும்மா."

அவரே நெடுவரிசையில் 'நிராகரிப்பு' என்று மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனார். என்னிடமிருந்த பழைய நகலை மறுபடி ஏற்றினேன். அதிலிருந்த குறிப்பு, அவர் எழுதியதை அழித்து 'வழங்கலாம்' என்றாக்கியது. சரக்கை நிராகரித்தால் காரணம் கேட்பார்கள். காரணம் டீசல். வேலை போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்குப் பயம் ஐயா.

இனோங்கே மறுபடி கூப்பிட்டாள். "ஒருத்திக்கு ஊசி போட்டும் ரத்தம் நிக்கலண்ணே. இன்னொன்னும் போட்டேன். போயிட்டா." அதன்பின் வேறு ஊர்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். எல்லோரிடமும் ஆறுதலாகத்தான் பேசினேன். நெடுவரிசையை மட்டும் மாற்றவில்லை.

வெறும் பெட்டியைவிட அந்த மருந்து மேல், பாதி வீரியமாவது மிச்சமிருக்கும் என்று மனதார நம்பினேன். உங்கள் விசாரணை அறிக்கையில் அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதே வாரம் என் மனைவி நோசிகுவுக்கு வலி கண்டது. நகர மருத்துவமனையில் பழைய சரக்கு கொஞ்சம் மீந்திருந்தது. அதில் ஓர் ஊசியைக் கெஞ்சி வாங்கி, ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்கில் வைத்து, குழந்தை பிறக்கும்வரை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.