புதைக்காத ஜெங்கோல்

ஜெங்கோல் அவரையைப் பக்குவமாகச் சமைக்கப் பொறுமை வேண்டும், டாக்டரம்மா. உங்கள் வீட்டில் அந்த நாற்றத்தையே உள்ளே விட்டிருக்க மாட்டீர்கள். சாம்பல் கலந்த மண்ணில் விதைகளைப் புதைத்து வைத்து, முளை விட்டதும் எடுத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, அப்புறம்தான் இனிப்பு சோயாச் சாற்றில் போட வேண்டும். அவசரப்பட்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை, சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறேன் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திதின் எனக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். பிள்ளை மீன்பிடிக் கப்பலில் வேலை தேடிக்கொண்டபோது நான் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதா? மருத்துவச் சோதனைக்கு முந்தின நாள் அவனுக்குப் பிடித்த ஜெங்கோல் குழம்பு வைத்தேன். விதைகள் பச்சையாக இருந்தன. மண்ணைப் பார்த்ததே இல்லை.

சிறுநீரில் ரத்தம் இருக்கிறதென்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினான். பக்கத்து வீட்டு ஓஹா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார்.

"என்னடா மாப்ள, குழாய் அடைச்சுக்கிச்சா? கப்பல்ல பிளம்பர் வேலை இருக்கான்னு கேளேன்!"

"அம்மா கைய குத்தம் சொல்லாதீங்க மாமா. நான்தான் மூணு தட்டு தின்னேன்" என்றான் திதின்.

கேட்டபோது எனக்கு மனசு உறுத்தியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவன் வீட்டில் தூங்கினான்.

கப்பல்காரர்கள் இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதுதான் கடைசியாம். இந்தத் தடவை அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"வேணாம்மா. சோதனை முடியட்டும், வந்து சாப்பிடறேன்."

"முளை விட்டதுடா, பாரு. பெத்தவ மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?"

குழியிலிருந்து எடுத்த விதைகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவை நிஜமாகவே முளைத்தவைதான். சட்டியில் இருந்தவை வேறு. அவனுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.

மறுநாள் ஒரு சொட்டு இறங்கவில்லை. தரையில் சுருண்டுகொண்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் இளநீர் கொடுத்தேன், வயிற்றில் வெந்நீர் ஒற்றினேன், பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஓஹா வண்டி கொண்டுவருகிறேன் என்றார். சரியாகிவிடும் என்று அனுப்பி வைத்தேன். கப்பல்காரர்கள் கொடுத்த தேதி கடந்த பிறகு நானே அவரைக் கூப்பிட்டேன். அதற்குள் முகமெல்லாம் வீங்கிவிட்டது. சிறுநீரகம் போய்விட்டதென்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

என்னுடையது அவனுக்குப் பொருந்தும் என்றும் சொன்னீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, என் உடம்பிலிருந்து வந்தவன் அல்லவா. ஆனால் இப்போது ரத்தம் சுத்திகரிக்க நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ்ஸில் வருகிறோம். திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான். மீனுக்கு முள் எடுத்துக் கொடுக்கிறேன். எங்கே போகிறாய் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை.

இப்படியே விட்டால் அவன் அதிக நாள் தாங்க மாட்டான் என்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. நான் கொடுத்தால் பிழைத்துக்கொள்வான். பிழைத்தால் போய்விடுவான். இருக்கிற வரைக்கும் என்னோடு இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பது தப்பா?

ஒரே ஒரு உதவி செய்யுங்கள் டாக்டரம்மா. அம்மாவுடையது பொருந்தவில்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். நான் கொடுக்க மறுத்தேன் என்று தெரிந்தால் பிள்ளை மனசு தாங்காது, அவனை நான் இதுவரை ஒரு சொல் சொல்லி நோகடித்ததில்லை.