தமயந்தி காத்திருந்த நாலு மாசம்

பிள்ளைங்க கோபத்தைப் பத்தி வெறும் அறிவுரையா சொன்னா மனசுல நிக்காது... அதனால ஒரு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்றேன். சின்னக் கதைதான், கேளுங்க.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில தையல் மிஷின் ஓட்டுறவங்க தமயந்தி. வீட்டுக்காரர் சிவராசு, சாயப்பட்டறையில வேலை. ஒரே மக வர்ணிகா, ஆறு வயசு.

வர்ணிகாவுக்குக் கோபம் வரும். எல்லாப் பிள்ளைக்கும்தானே வருதுன்னு நினைப்பீங்க. இது அந்தக் கோபம் இல்ல... தலை வாரக் கூப்பிட்டா கடிப்பா. டிவியை நிறுத்தினா தட்டு பறக்கும். கூடப் படிக்கிற பிள்ளையோட கன்னத்தைக் கீறி, ஒரு பள்ளிக்கூடத்துல டிசி கொடுத்தாச்சு. அடுத்த பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க: "முழுப்பரீட்சை வரைக்கும் பாக்கறேன். மாறலைன்னா வேற இடம் பாத்துக்குங்க."

சொந்தக்காரங்க என்ன சொல்லியிருப்பாங்க? "ரெண்டு போடு போடு." போட்டாங்க. போட்டுட்டு அம்மாவும் மகளும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து அழுதாங்க. சிவராசு சொன்னாரு: "வளந்தா தானா சரியாயிடும், விடு." தானா சரியாகுமா? யாருக்குத் தெரியும்?

அந்தக் கேள்வியைத்தான் ஒரு ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் ரெஹானா ஆராய்ச்சியா எடுத்தாங்க. இப்படிப்பட்ட பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தா, பிள்ளை மாறுமா? அறுபது குடும்பம் சேர்ந்தாங்க, அதுல தமயந்தி குடும்பமும் ஒண்ணு. சீட்டுக் குலுக்கி, முப்பது பேருக்கு உடனே பயிற்சி. மீதி முப்பது பேருக்கு நாலு மாசம் கழிச்சு.

தமயந்திக்கு எந்தச் சீட்டு வந்திருக்கும்... காத்திருக்கிற சீட்டு.

"என் பிள்ளை என்னங்க பாவம் பண்ணுச்சு? அவங்களுக்கு இன்னைக்கு, எனக்கு நாலு மாசமா?"

"உங்க கோபம் நியாயம்தாம்மா," அப்படின்னாங்க டாக்டர். "ஆனா பயிற்சியாலதான் பிள்ளை மாறிச்சா, சும்மா விட்டாலும் மாறியிருக்குமான்னு தெரியணும்ல? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். நடுவுல தாங்கலைன்னா எப்ப வேணா வாங்க, நான் இருக்கேன். அதுவரைக்கும் தினம் எத்தனை தடவை கோபம் வருதுன்னு இந்தத் தாள்ல கோடு போடுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

தமயந்தி கோடு போட்டாங்க. வேலைக்குப் போயிட்டு வந்து, கடி வாங்கிட்டு, கோடு போட்டாங்க. ஒருநாள் சிவராசு சொன்னாரு: "பத்து, பன்னெண்டுன்னு கூடப் போட்டுக் கொடு. பாவம் பாத்து முன்னாடியே கூப்பிட்டுக்குவாங்க."

தமயந்தி என்ன சொன்னாங்க தெரியுமா? "நான் பொய் எழுதினா, நாளைக்கு எவளோ பெத்த பிள்ளைக்குத் தப்பா வைத்தியம் நடக்குமுங்க."

முதல் வாரம் ஒரு நாளைக்கு ஏழு. நாலாவது மாசக் கடைசியில... அதே ஏழு.

அப்புறம் அவங்க முறை வந்துச்சு. ஒரு ரூம்ல அம்மாவும் மகளும், நடுவுல அடுக்கி விளையாடற மரக்கட்டைங்க. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர். தமயந்தி காதுல சின்னதா ஒரு கருவி, அதுல டாக்டரோட குரல் வரும். "அதைச் செய் இதைச் செய்னு சொல்லாதீங்கம்மா. அவ செய்ற நல்லதைப் பாத்து, அதை வாய் விட்டுச் சொல்லுங்க."

தமயந்திக்கு வாய் வரல. ஆறு வருஷமா "செய்யாத, செய்யாத"ன்னே சொல்லிப் பழகின வாய். கடைசியில சொன்னாங்க: "செவப்புக் கட்டையை மெதுவா வச்ச கண்ணு... அழகா இருக்கு."

வர்ணிகா நிமிந்து பாத்தா. யாரையோ புதுசாப் பாக்கற மாதிரி பாத்தா.

எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருச்சா? இல்லைங்க. ஆறாவது வாரம்தான் டாக்டர் ஒரு வேலை சொல்லிப் பாக்கச் சொன்னாங்க. "கட்டையைப் பெட்டியில போடு கண்ணு"ன்னு சொன்னதும் ஒரு கட்டை பறந்து வந்து தமயந்தி நெத்தியில பட்டுச்சு. கை தானா ஓங்கிருச்சு. காதுல டாக்டர் குரல்: "கையை இறக்குங்கம்மா. குரலை உயர்த்தாம, சொன்னதையே ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டுக் காத்திருங்க."

கை இறங்குச்சு. பதினெட்டு நிமிஷம் அந்தப் பிள்ளை கத்துச்சு. பதினெட்டு நிமிஷமும் அந்த அம்மா எழுந்திரிக்கல, அடிக்கல, கெஞ்சல. அப்புறம்... ஒரு கட்டை பெட்டிக்குள்ள விழுந்துச்சு. அடுத்தது. அதுக்கடுத்தது.

"அவ்வளவு கோபத்துலயும் எடுத்து வச்சுட்ட கண்ணு," அப்படின்னாங்க தமயந்தி. வர்ணிகா வந்து மடியில உக்காந்துக்கிட்டா.

அன்னைக்குத்தான் சிவராசு லீவு போட்டுட்டு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னிருந்தாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட, "அடுத்த வாரம் அந்தக் கருவியை எனக்கு மாட்டி விடுங்க"ன்னாரு.

பயிற்சி முடியறப்ப ஏழு, ஒண்ணாச்சு. சில நாள் ஒண்ணுகூட இல்ல. முழுப்பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டாங்க. இங்கயும் டிசிதான்னு நினைச்சுக்கிட்டே தமயந்தி போனாங்க. அந்தம்மா கேட்டாங்க: "அந்த டாக்டர் அட்ரஸ் கொடுங்க. எங்க ஸ்கூல்ல இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க."

ஆராய்ச்சி முடிஞ்சு அறுபது குடும்பத்தையும் கூப்பிட்டாங்க. டாக்டர் ரெஹானா மேடையில சொன்னாங்க: "காத்திருந்த நாலு மாசத்துல பிள்ளைங்க தானா மாறல. பயிற்சிக்கு அப்புறம் பெரும்பாலான பிள்ளைங்க மாறிட்டாங்க. அதைக் காட்டித்தான் இன்னும் அஞ்சு ஆஸ்பத்திரியில இந்தப் பயிற்சிக்கு அனுமதி வாங்கியிருக்கோம். காத்திருந்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தீங்களே... அந்த முப்பது குடும்பமும் எழுந்திரிங்க."

முப்பது குடும்பம் எழுந்து நின்னுச்சு. அரங்கமே கை தட்டுச்சு. தமயந்தி தோள்ல வர்ணிகா... அவளும் தட்டினா.

இங்க வந்திருக்கிற அப்பாக்களே, அம்மாக்களே... இந்தக் கதையை ஏன் சொன்னேன்? உங்க வீட்டுலயும் ஒரு பிள்ளை எறியலாம், கடிக்கலாம், கத்தலாம். அதுக்கு அடங்காத பிள்ளைன்னு பேர் வச்சு ஒதுக்கிடாதீங்க. காய்ச்சல்னா கூட்டிட்டுப் போறோம், இதுக்கு மட்டும் ஏன் வெக்கப்படறோம்? டாக்டர்கிட்டப் போங்க. உள்ளதைச் சொல்லுங்க. கத்துக்கச் சொன்னா, முதல் ஆளா நீங்க கத்துக்குங்க. மாற வழி இருக்கு. அந்த வழியில பிள்ளை தனியாப் போக முடியாது... கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் நடங்க.